எக்ஸ் என்பது மாம்பழம் இல்லை: சேலத்துக் கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்தில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் சார்களுக்கும் மிஸ்களுக்கும்,

வணக்கம். நான் அம்மாபேட்டையில் சாயங்கால டியூஷன் எடுப்பவள். வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்பதாவது, பத்தாவது. நெசவுத் தெருப் பிள்ளைகள், செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், ஏற்காட்டிலிருந்து இறங்கி இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற சிலர் என்று கலந்துதான் வருவார்கள். நீங்கள் இயற்கணிதம் ஆரம்பித்து வைத்து அனுப்புகிற பிள்ளைகள்தான் இரண்டு வருஷம் கழித்து என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறை இணையப் பதிவையும் பார்த்துக்கொண்டு, பருவத்துக்குள் பாடத்தை முடிப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும், அதனால் பொத்தாம்பொதுவாகக் குறை சொல்ல வரவில்லை. ஒரே ஒரு பாடத்தைப் பற்றி, அதிலும் ஒரே ஒரு உதாரணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒத்த உறுப்புகள், அதாவது 3 எக்ஸ், 5 எக்ஸ் மாதிரி ஒரே எழுத்தும் ஒரே அடுக்கும் உள்ளவை. அவற்றைக் கூட்டிச் சுருக்கும் பாடம் ஒரு பீரியடு, மிஞ்சிப்போனால் இரண்டு. "எக்ஸ்னா மாம்பழம்னு வச்சுக்கோங்க, ஒய்னா வாழைப்பழம். மூணு மாம்பழமும் அஞ்சு மாம்பழமும் சேர்ந்தா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் "எட்டு மாம்பழம்" என்று கத்தும். "மூணு மாம்பழமும் ரெண்டு வாழைப்பழமும்?" என்றால் "சேர்க்க முடியாது மிஸ்!" என்று வரும். பாடம் முடிந்தது, பிள்ளைகளுக்கும் புரிந்த மாதிரி இருக்கும், எடுத்தவருக்கும் நிம்மதி. மல்கோவாவும் இமாம் பசந்தும் குவித்து விற்கிற ஊரில் மாம்பழத்தைத் தவிர வேறு எது வாயில் வரும், சொல்லுங்கள்.

அந்த மாம்பழத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் பிள்ளைகளின் நோட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிற விடைகள் இவை. 3 எக்ஸ் + 2 ஒய் = 5 எக்ஸ் ஒய். 4 எக்ஸ் + 3 = 7 எக்ஸ். 2 எக்ஸ் ஸ்கொயர் + 3 எக்ஸ் ஸ்கொயர் = 5 எக்ஸ் பவர் 4. 7 எக்ஸ் − எக்ஸ் = 7. கவனக்குறைவு என்று சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் கவனக்குறைவு என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி அல்லவா தப்புப் பண்ணவேண்டும்? வேறு வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற, ஒருவரை ஒருவர் முன்னே பின்னே பார்த்திராத பிள்ளைகள் ஒரே தப்பை ஒரே மாதிரி செய்கிறார்கள் என்றால் அதற்குள் ஏதோ ஒரு நியாயம் ஓடுகிறது, அவர்கள் எதையோ நம்பித்தான் அப்படி எழுதுகிறார்கள்.

முதல் தப்பையே எடுத்துக்கொள்வோம். மூன்று மாம்பழம், இரண்டு வாழைப்பழம், கூடையில் என்ன இருக்கிறது? மாம்பழமும் வாழைப்பழமுமாக ஐந்து பழம். அதை அப்படியே எழுதினால் 5 எக்ஸ் ஒய். பழக் கதையை நன்றாகக் கேட்ட பிள்ளைதான் இதை எழுதுகிறது! எக்ஸ் ஒய் என்றால் எக்ஸையும் ஒய்யையும் பெருக்குவது என்று நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், ஆனால் மாம்பழத்தை வாழைப்பழத்தால் பெருக்கினால் என்ன வரும் என்று கதையில் எங்கேயும் இல்லை. எக்ஸ் ஸ்கொயர் வந்தால் மாம்பழ ஸ்கொயரா? மைனஸ் 3 எக்ஸ் என்றால் இல்லாத மூன்று மாம்பழமா? கதை முதல் இரண்டு கணக்குக்குத்தான் ஓடுகிறது, மூன்றாவது கணக்கில் படுத்துவிடுகிறது, அதற்குள் பிள்ளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டது.

ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணு, மலைக்கிராமத்திலிருந்து வந்தவள், கெட்டிக்காரி, வாய்ப்பாடு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. 7 எக்ஸ் − எக்ஸ் என்ற இடத்தில் 7 என்று எழுதியிருந்தாள். எப்படிம்மா வந்தது என்று கேட்டேன். "7 எக்ஸ்ல இருந்து எக்ஸ எடுத்துட்டேன் மிஸ், 7 மிச்சம் இருக்கு" என்றாள். எழுத்தைப் பொருளாகப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான், பேப்பரில் 7 எக்ஸ் என்று இருக்கிறது, அதில் எக்ஸைத் துடைத்தால் 7 நிற்கிறது. நான் விதியைச் சொல்லவில்லை, எக்ஸுக்கு 10 போடச் சொன்னேன். 70 எழுதினாள், பக்கத்தில் மைனஸ் 10 எழுதினாள், 60 என்று எழுதிவிட்டு தன் விடையான 7-ஐயும் அந்த 60-ஐயும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் யாரும் கேட்காமலே 60-க்குப் பக்கத்தில் "6 × 10" என்று எழுதினாள், அதற்கும் கீழே 6 எக்ஸ். வெறும் எக்ஸ் என்றால் அதற்கு முன்னால் 1 என்கிற கெழு நிற்கிறது என்பதை அவளுக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற குழப்பமும் இல்லை. 1970-களில் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் இயற்கணித எழுத்துகளை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று டீட்மார் குக்கெமான் என்பவர் ஆராய்ந்து, ஆறு விதமாகப் பிரித்துக் காட்டினார். எழுத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஒன்று, எழுத்தை ஒரு பொருளாகவே எடுத்துக்கொள்வது இன்னொன்று, கடைசியில்தான் அது மாறக்கூடிய எண் என்ற இடத்துக்கு வருவது. மாம்பழக் கதை பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவது அந்தப் 'பொருள்' படியில். அங்கே நின்றுகொண்டே சுலபமான கணக்குகளைச் சரியாகப் போட்டுவிட முடியும், அதுதான் இதில் உள்ள ஆபத்து, ஏழாம் வகுப்புப் பரீட்சையில் மார்க் வந்துவிடும், யாருக்கும் தெரியாது. பெரியவர்கள் ஆன பிறகும் அது போவதில்லை. 1980-களின் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் பொறியியல் படிக்கும் கல்லூரி மாணவர்களிடம், ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், மாணவர் எண்ணிக்கை எஸ், பேராசிரியர் எண்ணிக்கை பி, சமன்பாடு எழுது என்று கேட்டதில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தப்பாக எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் எழுதியது 6 எஸ் = பி. ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர் என்று வாசித்திருக்கிறார்கள். எஸ் என்பது மாணவர்களின் எண்ணிக்கை என்பதை மறந்து, எஸ் என்றால் மாணவர் என்று எடுத்துக்கொண்டார்கள். சரியான விடை எஸ் = 6 பி.

சரி, மாம்பழத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைப்பது? மாம்பழத்தின் விலையை வையுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன், பழத்தைக்கூட வகுப்பை விட்டு அனுப்ப வேண்டாம். கடைவீதியில் இன்றைக்கு ஒரு கிலோ மல்கோவா எக்ஸ் ரூபாய். காலையில் 3 கிலோ வாங்கினோம், ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள் என்று சாயங்காலம் அதே விலைக்கு 5 கிலோ. மொத்தம் 3 எக்ஸ் + 5 எக்ஸ். விலை 120 என்றால் 360-உம் 600-உம் சேர்ந்து 960, எட்டு 120-உம் 960. சீசன் முடிகிற நேரம், விலை 150 ஆகிவிட்டது என்றால் 450-உம் 750-உம் 1200, எட்டு 150-உம் 1200. விலை என்னவானாலும் 8 எக்ஸ்தான் என்று பிள்ளையே சொல்லும். இங்கே எக்ஸ் ஓர் எண், அதுவும் நாளுக்கு நாள் மாறுகிற எண், மாறி என்று எதைச் சொல்கிறோமோ அதுவே கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. 3 எக்ஸ் + 5 எக்ஸ் ஏன் 8 எக்ஸ் என்றால் (3 + 5) எக்ஸ் என்பதால்; எண்களில் அவர்கள் முன்பே பார்த்த பங்கீட்டுப் பண்பு, வேறு ஒன்றும் புதிதாக இல்லை.

இதில் இன்னொரு நன்மை இருக்கிறது, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். வாழைப்பழம் டஜன் ஒய் ரூபாய் என்று வைத்து 3 எக்ஸ் + 2 ஒய் என்று எழுதினால், 'சேர்க்க முடியாது' என்று யாராவது சொல்வார்களா? கடைக்காரர் சேர்த்துத்தானே காசு கேட்கிறார். வகுப்பில் நாம் சொல்லும் 'ஒத்த உறுப்பு இல்லையென்றால் கூட்ட முடியாது' என்ற வாக்கியமே பொய், நடுவில் கூட்டல் குறி போட்டுவிட்டுக் கூட்ட முடியாது என்றால் பிள்ளை எதை நம்பும்? கூட்டலாம், கூட்டியதுதான் 3 எக்ஸ் + 2 ஒய். அதை ஒரே உறுப்பாகச் சுருக்கத்தான் வழியில்லை, ஏனென்றால் இரண்டு விலைகளுக்கும் நடுவில் என்ன சம்பந்தம் என்று நமக்குத் தெரியாது. தயவுசெய்து இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள், 'அப்படியே விடலாம், இதுவே விடை' என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து சமக்குறிக்கு அப்புறம் ஒற்றை எண் வந்தால்தான் கணக்கு முடிந்தது என்று பழகிய பிள்ளைக்கு, கூட்டல் குறி உள்ளே இருக்கும் ஒரு விடையைப் பார்த்தால் பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது. 4 எக்ஸ் + 3 என்பதை 7 எக்ஸ் ஆக்குவது அந்தத் தவிப்பினால்தான். போதாக்குறைக்கு எண்களில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் கூட்டல் என்று அர்த்தம், 43 என்றால் 40-உம் 3-உம்; இயற்கணிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பெருக்கல். எக்ஸ் = 3 என்றால் 4 எக்ஸ் எவ்வளவு என்று உங்கள் ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், 43 என்று சொல்ல நிச்சயம் ஒன்றிரண்டு கை எழும்பும். இந்த மாற்றத்தை யாராவது ஒருமுறை உட்கார்ந்து சொல்லிவிட்டால் போதும்.

எண் போட்டுப் பார்க்கச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் சுலபமாக இருக்கும் என்று 1-ஐப் போடுவார்கள். எக்ஸும் ஒய்யும் 1 என்றால் 3 எக்ஸ் + 2 ஒய் = 5, 5 எக்ஸ் ஒய்-யும் 5! 4 எக்ஸ் + 3 = 7, 7 எக்ஸும் 7. 2 எக்ஸ் ஸ்கொயரும் 3 எக்ஸ் ஸ்கொயரும் சேர்ந்து 5, 5 எக்ஸ் பவர் 4-உம் 5. இந்த மூன்று தப்பான விடைகளும் 1-இல் பாஸாகிவிடும், ஏனென்றால் 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1 என்பதால் எழுத்தெல்லாம் மறைந்து கெழுக்கள் மட்டும் நிற்கின்றன, கெழுக்களைக் கூட்டுவதில் பிள்ளைகள் தப்பே செய்வதில்லை. 0 வேண்டாம், 2-உம் நம்பத் தகுந்தது அல்ல, எக்ஸ் 2 என்றால் 2 எக்ஸும் 4, எக்ஸ் ஸ்கொயரும் 4. 3, 5, 10 மாதிரி எண்களைப் போடச் சொல்லுங்கள், இரண்டு எழுத்து இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு எண். ஓர் எண்ணில் ஒத்துப்போனதாலேயே சரி என்று ஆகிவிடாது, ஓர் எண்ணில் ஒத்துப்போகவில்லை என்றால் நிச்சயம் தப்பு. இதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கண்டுபிடிக்கும் பயிற்சி. ஒத்த உறுப்பு என்றால் அதே மாறிகள், ஒவ்வொரு மாறிக்கும் அதே அடுக்கு. கெழு எதுவாகவும் இருக்கலாம், எழுதும் வரிசையும் எப்படியும் இருக்கலாம். இந்த வரி எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஆனால் கொடுக்கிற பயிற்சிகளில் 2 எக்ஸ், 5 எக்ஸ், 3 ஒய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மாதிரியே இருந்தால் அந்த வரிக்கு வேலையே இல்லை. 5 எக்ஸ் ஒய்-யையும் மைனஸ் 2 ஒய் எக்ஸையும் பக்கத்தில் வையுங்கள். ஒத்தவைதான், 3 × 5-உம் 5 × 3-உம் ஒன்று என்பதால். 3 எக்ஸ் ஸ்கொயர் ஒய், 3 எக்ஸ் ஒய் ஸ்கொயர் இரண்டையும் வையுங்கள். கெழு ஒன்று, எழுத்துகள் ஒன்று, பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், எக்ஸுக்கு 2, ஒய்க்கு 5 போட்டால் ஒன்று 60, இன்னொன்று 150. அரை எக்ஸ் வையுங்கள், வெறும் எக்ஸ் வையுங்கள், தனியாக ஒரு 7-உம் ஒரு மைனஸ் 4-உம் வையுங்கள், எண்கள் தங்களுக்குள் ஒத்த உறுப்புகள் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. சுலபமான பத்து கணக்கை விட இப்படிப்பட்ட நாலு போதும்.

வட்டம் போடுகிற பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒத்த உறுப்புகளுக்கு வட்டம் போடு, கோடு போடு என்று சொல்கிறோம், பிள்ளை 8 எக்ஸ் − 3 ஒய் − 5 எக்ஸ் + ஒய் என்பதில் 8 எக்ஸையும் 5 எக்ஸையும் அழகாக வட்டம் போட்டு 13 எக்ஸ் என்று எழுதுகிறது, மைனஸ் வட்டத்துக்கு வெளியே அநாதையாக நிற்கிறது. முன்னால் இருக்கும் குறி அந்த உறுப்பின் சொத்து. வட்டத்தைக் குறியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள், 8 எக்ஸ் − 5 எக்ஸ் − 3 ஒய் + ஒய் என்று ஒருமுறை மாற்றி எழுதச் சொல்லுங்கள், 3 எக்ஸ் − 2 ஒய் தானாக வரும்.

இதையெல்லாம் புதிதாகக் கற்றுக்கொடுக்கவும் வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சின்ன வகுப்புகளிலேயே ஒன்றுக்குக் கீழே ஒன்று, பத்துக்குக் கீழே பத்து, நூறுக்குக் கீழே நூறு என்று எழுதிக் கூட்டுகிறார்களே, அதுதானே இது? 243-ஐயும் 512-ஐயும் கூட்டினால் 755. எக்ஸ் என்றால் 10 என்று வைத்தால் முதல் எண் 2 எக்ஸ் ஸ்கொயர் + 4 எக்ஸ் + 3, அடுத்தது 5 எக்ஸ் ஸ்கொயர் + எக்ஸ் + 2, கூட்டினால் 7 எக்ஸ் ஸ்கொயர் + 5 எக்ஸ் + 5. நூறையும் பத்தையும் ஏன் ஒன்றாகக் கூட்டக்கூடாது என்று தெரிந்த பிள்ளைக்கு எக்ஸ் ஸ்கொயரையும் எக்ஸையும் ஏன் ஒன்றாகச் சுருக்கக்கூடாது என்பதும் தெரியும், நாம்தான் அந்தக் கதவைத் திறந்து காட்டுவதில்லை. ஒரே வித்தியாசம், பத்தைத் தாண்டினால் அடுத்த இடத்துக்கு ஏற்றுகிற வேலை இங்கே கிடையாது, ஏனென்றால் எக்ஸ் பத்து என்று யாரும் முடிவுகட்டவில்லை.

எக்ஸ், ஒய் எதுவும் இல்லாமலேயே நம் முன்னோர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். 628-இல் பிரம்மகுப்தர் தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயரை வைத்தார். 1150-இல் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில் முதல் மாறி யாவத்-தாவத், அதற்கு அடுத்தவை கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. முதல் எழுத்தை மட்டும் எடுத்து யா, கா, நீ, பீ, லோ என்று எழுதுவார்கள், ஸ்கொயருக்கு 'வ', வெறும் எண்ணுக்கு 'ரூ'. இன்றைய 2 எக்ஸ் ஸ்கொயர் + 4 எக்ஸ் + 3 அவர்கள் எழுத்தில் 'யா வ 2 யா 4 ரூ 3'. ஒரே இனமாக இருந்தால் கூட்டு, கழி. வேறு இனமாக இருந்தால் தனித்தனியே நிறுத்து என்பது அங்கேயே விதியாக வருகிறது. கா என்றால் கருப்பான ஏதோ ஒரு பொருள் என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை, அது தெரியாத ஓர் எண். பாக்தாதில் 820 வாக்கில் அல் குவாரிஸ்மி எழுதியபோதும் எழுத்துக் குறியீடே கிடையாது, வாக்கியமாகவே எழுதி, வர்க்கம், மூலம், வெறும் எண் என்று மூன்று வகையாகப் பிரித்து வைத்துத்தான் கணக்குப் போட்டார். எக்ஸ், ஒய் வந்தது ரெனே தெகார்த் 1637-இல் எழுதிய பிறகுதான். ஏழாம் வகுப்புக்கு ஐந்து நிமிஷம் இதைச் சொன்னால் பிள்ளைகள் அவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்கள், யா, கா வைத்துத் தாங்களே கணக்கு எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

இது ஏழாம் வகுப்போடு போகிற விஷயம் என்றால் நான் இத்தனை நீளம் எழுதியிருக்க மாட்டேன். ஒன்பதாவதில் முறுடுகள், அதாவது ரூட் 2 மாதிரியான எண்கள், வரும்போது 3 ரூட் 2-உம் 5 ரூட் 2-உம் 8 ரூட் 2 என்று உடனே சொல்ல வேண்டும், ரூட் 2-உம் ரூட் 3-உம் சேர்ந்து ரூட் 5 என்று எழுதுகிற பிள்ளை பழைய தப்பையே புதுச் சட்டையில் செய்கிறது. பத்தாவதில் பல்லுறுப்புக் கோவைக்கு நீள் வகுத்தலில் வர்க்கமூலம் காணும்போது அடுக்கு வாரியாக ஒன்றின் கீழ் ஒன்று நிற்க வேண்டும், இல்லாத அடுக்குக்கு 0 போட்டு இடம் விட வேண்டும். அங்கே ஒரு உறுப்பு பக்கத்து வரிசைக்கு நகர்ந்தால் முழுக் கணக்கும் போச்சு. அந்த நேரத்தில் பிள்ளைகள் என்னிடம் "எனக்குக் கணக்கு வராது மிஸ்" என்கிறார்கள். கணக்கு வராத பிள்ளைகள் இல்லை அவர்கள், தறிக்கு எத்தனை இழை, கொலுசுக்கு எத்தனை கிராம் என்று வீட்டில் விரல்விட்டுச் சொல்கிறவர்கள்.

அதனால் என் கோரிக்கை இதுதான். அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் கணக்கு ஆசிரியர்கள் ஒன்றாக உட்காரும்போது இதை எடுத்துப் பேசுங்கள். ஒத்த உறுப்புகளுக்கு விதி சொல்வதற்கு முன்னால் ஒரு பீரியடு முழுக்க எண் போட்டுப் பார்க்க மட்டும் ஒதுக்குங்கள், அந்த ஒரு பீரியடை எங்காவது தேடிப் பிடித்துக் கொடுங்கள். முடிந்தால் அதற்கு முன்பே உங்கள் எட்டாம் வகுப்பில் 3 எக்ஸ் + 2 ஒய், 4 எக்ஸ் + 3, 7 எக்ஸ் − எக்ஸ், 5 எக்ஸ் ஒய் − 2 ஒய் எக்ஸ் ஆகிய நாலையும் போர்டில் எழுதிப்போட்டு, விடையோடு 'எப்படி வந்தது' என்று ஒரு வரி எழுதச் சொல்லி வாங்குங்கள். மார்க் போட வேண்டாம். அந்த ஒற்றை வரிகளைக் கூட்டத்துக்கு எடுத்து வந்து நடுவில் வைத்துப் படித்தால், என்னைவிடப் பிள்ளைகளே உங்களுக்கு நன்றாகச் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
அம்மாபேட்டை, சேலம்.